பழைய சிபாக்குறோம் பேப்பர் கையில வந்தால் முதல் செய்யவேண்டியது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாச் சொல்லிட்டுத் தொடங்கிறன், பிறகு வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கோணும். உங்கட அப்பா 70களில எடுத்த ஸ்லைட் (புரொஜெக்டரில போட்டுப் பாக்கிற பொசிற்றிவ் பிலிம்) ஒரு பெட்டி நிறையக் கிடக்கு. சுவிஸில இருக்கிற சித்தப்பா தன்ர வீட்டு நிலவறையைத் துப்பரவாக்கேக்க ஸ்லைட்டில இருந்து நேரடியாக் கலர் பிரிண்ட் போடுற 8க்கு 10 அங்குல சிபாக்குறோம் பேப்பர் இரண்டு பெட்டி, அந்தப் பேப்பரைக் கழுவிற பி-30 மருந்து உடைக்காமல் ஒரு செட், பேப்பரை உள்ளுக்கு வைச்சு மருந்து ஊத்தி உருட்டிற டிரம் ஒண்டு எல்லாம் அகப்பட்டு, கப்பல் பெட்டியோட இஞ்ச வந்திட்டுது. படத்தைப் பெருப்பிச்சுப் பேப்பரில விழுத்திற என்லாஜர், கலர் ஹெட் (நிறப் பில்டர் உள்ள விளக்குப் பகுதி) உள்ளது ஒண்டும் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருத்தரிட்ட வாங்கிப்போட்டியள். இதால பிரிண்ட் போட ஏலுமோ, ஏலுமெண்டால் யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள இருந்த டச்சுத் தேவாலயத்தை உச்சி வெயிலில எடுத்த அந்தப் படத்தை முதலாவதாப் போடலாமோ எண்டு கேக்கிறியள்.

போட ஏலும். ஆனா தேவாலயப் படத்தை முதல்ல போடாதேங்கோ. 1706ல கட்டின கட்டடம், யுத்தத்தில அழிஞ்சு போச்சு, அதை இனி ஒருத்தரும் போய் எடுக்கேலாது, அதால உங்களுக்கு அதில ஆசை வாறது நியாயம்தான். ஆனா ஆசைப்பட்ட படமும் இந்தப் பேப்பருக்குப் பொருந்திற படமும் ஒண்டில்லை. பெட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு தாளும் போனால் போனதுதான், திருப்பி வாங்க இடமில்லை. சிபாக்குறோமை 1963ல வெளியில விட்டவை, 90களில இல்போக்குறோம் எண்டு பேரை மாத்தினவை, 2012ஓட கடைசி உற்பத்தி முடிஞ்சுது, 2013 முடியேக்க சுவிஸில பிறிபோர்க் பக்கத்தில மார்லி எண்ட இடத்தில அதைச் செய்துகொண்டிருந்த கொம்பனியே நொடிச்சுப் போச்சு. சித்தப்பாவிட்டச் சொல்லுங்கோ, அவர் இருக்கிற நாட்டுச் சாமான்தான் அவர் அனுப்பினது.

முதல்ல இந்தப் பேப்பர் எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, அது விளங்கினால் பிறகு வாற பிரச்சினை எல்லாத்துக்கும் நீங்களே காரணம் கண்டுபிடிப்பியள். சாதாரண கலர் பேப்பரில நிறம் மருந்துக்குள்ள போன பிறகுதான் உருவாகும். இதில அப்பிடி இல்லை, மஞ்சள், மெஜெந்தா, சயான் மூண்டு சாயமும் பேப்பரைச் செய்யேக்கயே முழுசா உள்ளுக்குப் போட்டிருக்கு. வெளிச்சம் பட்ட இடத்தில டெவலப்பர் வெள்ளியை உண்டாக்கும். பிறகு வாற பிளீச், கடும் அமிலம், அந்த வெள்ளி எங்கெங்க இருக்கோ அங்கங்க உள்ள சாயத்தை அழிக்கும். கடைசியில பிக்சர் மிச்சமிருக்கிற வெள்ளி உப்பைக் கரைச்சு எடுக்கும். இந்த யோசனை 1930களிலயே பேலா காஸ்பார் எண்ட ஹங்கேரிக்காரர் சினிமாப் பிலிமில செய்து காட்டினதுதான். அசோ சாயம் எண்டு சொல்லுற உறுதியான சாயத்தைப் பாவிக்க ஏலுமா இருந்ததாலதான் சிபாக்குறோம் படங்கள் அல்பத்துக்குள்ள இத்தனை வருசமா மங்காமல் கிடக்கு.

இப்ப இதில இருந்து ஒரு விசயம் வருகுது. கறுப்பு வெள்ளைப் பேப்பர் பழுதானால் வெள்ளை சாம்பலாப் போகும், உங்களுக்குத் தெரியும். இது எதிர்ப்பக்கம். பேப்பர் பழசாகித் தானாவே புகை விழுந்திருந்தால், அதாவது வெளிச்சம் படாமலே பட்டது மாதிரி ஆகியிருந்தால், எல்லா இடத்திலயும் கொஞ்சம் வெள்ளி உருவாகும், அந்த வெள்ளி எல்லா இடத்துச் சாயத்தையும் கொஞ்சம் அழிக்கும், அதால கறுப்புத்தான் போகும். கறுப்பு மண்ணிறமாவோ பச்சையாவோ வெளிறி நிக்கும். அதை எந்தப் பில்டராலயும் எந்த நேரக் கணக்காலயும் திருப்பி எடுக்கேலாது, சாயமே அங்க இல்லை.

அதால ஸ்லைட்டைத் தொட முந்தி இரண்டு துண்டுச் சோதினை செய்யுங்கோ. முழு இருட்டில ஒரு தாளை எடுத்து ஒடுக்கமாத் துண்டு வெட்டுங்கோ. ஒரு துண்டுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் காட்டாமல் டிரமுக்குள்ள வையுங்கோ. மற்றத் துண்டை என்லாஜருக்குக் கீழ, ஸ்லைட் இல்லாமல், பில்டர் எல்லாம் பூச்சியத்தில, லென்ஸை முழுசாத் திறந்து ஒரு நிமிசம் போட்டு விடுங்கோ. பிறகு அதையும் அதே டிரமுக்குள்ள போட்டு ஒரே மருந்தில கழுவுங்கோ. வெளிச்சம் படாத துண்டு நல்ல கறுப்பா வரோணும், பட்ட துண்டு சுத்த வெள்ளையா வரோணும்.

கறுப்பும் வெள்ளையும் சரியெண்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கறுப்பு வெளிறி வெள்ளை சுத்தமா இருந்தால் குறை பேப்பரில. கறுப்பு நல்லா இருந்து வெள்ளை மட்டும் ஊத்தையா, ஒரு நிறம் ஏறி வந்தால் பிளீச் பலம் குறைஞ்சு போச்சு. இரண்டு துண்டும் கறுப்பாவே வந்தால் முதல்ல டெவலப்பரைச் சந்தேகப்படுங்கோ, அது காத்துப் பட்டால் கெதியாப் பழுதாகிற சாமான். அதுக்குப் பதிலா புதுசாக் கரைச்ச கறுப்பு வெள்ளைப் பேப்பர் டெவலப்பரைப் போட்டு இன்னொரு துண்டு கழுவிப் பாருங்கோ, கொன்றாஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்) மாறும், ஆனா வேலை செய்யும். அப்பவும் வெள்ளை வரேல்லை எண்டால் பிளீச்தான் செத்திருக்கு. டெவலப்பருக்கும் பிக்சருக்கும் மாற்று இருக்கு, பிளீச்சுக்குச் சும்மா கடையில வாங்கிற மாற்று ஒண்டும் இல்லை. அதாலதான் பிளீச் போத்தலைக் கண் மாதிரிப் பாருங்கோ எண்டு சொல்லுறன். மூடியைச் சுத்தி உப்புப் பூத்திருக்கோ, போத்தல் கசிஞ்சிருக்கோ எண்டு கையுறை போட்டுத்தான் பாக்கோணும்.

பேப்பரைப் பிரீசருக்குள்ள வைச்சிருந்தால் எடுத்த உடன உடைக்காதேங்கோ. இஞ்சத்த ஈரக் காத்துக்குப் பெட்டி திறந்த உடனேயே பேப்பரில வேர்த்துப் போகும். முதல் நாள் இரவு வெளியில வைச்சு, மூடின படியே றூம் சூட்டுக்கு வரவிட்டு அடுத்த நாள் உடையுங்கோ.

இருட்டறை பற்றி. இந்தப் பேப்பருக்கு மூண்டு நிறமும் தெரியும், அதால சிவப்பு லைற் ஒண்டும் சரிவராது, முழு இருட்டுத்தான். எங்கட ஓட்டு வீடுகளில பகலில ஓட்டுக்கு இடையால வாற வெளிச்சத்தை அடைச்சு முடியாது, இரவில செய்யுங்கோ. லைற்றை நூத்திட்டுப் பத்து நிமிசம் சும்மா இருந்து பாருங்கோ, கண் பழகின பிறகு கதவு நீக்கல் தெரியுதெண்டால் அடைச்சுப்போட்டுத்தான் தொடங்கோணும். இரவிலயும் பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை மட்டும் வேண்டாம், எல்லா வீட்டிலயும் லைற், ரீவி, பான் ஓடுற நேரம், வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். வோல்ற்றேஜ் இறங்கினால் பல்ப் மஞ்சளாகும், பல்ப் மஞ்சளானால் உங்கட பிரிண்டும் மஞ்சளாகும், நீங்கள் பில்டரைப் போட்டுக் கொண்டு காரணம் தெரியாமல் நிப்பியள். ஸ்ரெபிலைசர் ஒண்டு கட்டாயம் வேணும்.

அடுத்தது தூசி. இதை நான் ஆறுதலாச் சொல்லுறன், ஏனெண்டால் கனபேர் நெகற்றிவ் பழக்கத்தில இதைச் சின்ன விசயமா எடுக்கினம். நெகற்றிவில ஒரு தூசி இருந்தால் பிரிண்டில வெள்ளைப் புள்ளி விழும், அதைத் தூரிகையால சாயம் வைச்சு மறைச்சிடலாம். ஸ்லைட்டில இருந்து போடேக்க தூசி வெளிச்சத்தை மறைக்குது, மறைச்ச இடத்தில சாயம் அழியாமல் நிக்குது, அதால கறுப்புப் புள்ளி விழும். கறுப்புக்கு மேல என்ன சாயம் வைச்சும் பிரயோசனமில்லை. அப்பாவின்ர ஒரு ஸ்லைட்டை மவுண்டில (சுத்தியிருக்கிற சட்டத்தில) இருந்து எடுத்து லைற்றுக்குச் சரிச்சுப் பாருங்கோ: ஓரத்தில சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட கோடுகள் தெரிஞ்சால் அது பூஞ்சணம், தூசி இல்லை. அதுக்குத் தண்ணி ஒருக்காலும் படக்கூடாது. பூஞ்சணம் திண்ட ஜெலற்றின் தண்ணியில கரைஞ்சு படத்தோட கழண்டு வரும். ஊதுகுழலால ஊதி, மெல்லிய தூரிகையால தட்டி, அதுக்கு மேல தேவையெண்டால் தண்ணி கலக்காத ஐசோபுரொப்பைல் அல்ககோலைத்தான் பாவிக்கோணும், அதையும் பெறுமதியில்லாத ஒரு ஸ்லைட்டில முதல்ல. எல்லாத்துக்கும் முந்தி ஒவ்வொரு ஸ்லைட்டையும் கமராவால நல்ல மக்ரோ லென்ஸ் போட்டுப் பிரதி எடுத்து வையுங்கோ, தேவாலயப் படத்தை முதலாவதா. கோடக்குறோம் எண்டு மவுண்டில எழுதியிருந்தால் இன்னும் கவனம்: இருட்டில வைச்சால் அது போல நிறம் நிக்கிற ஸ்லைட் வேற இல்லை, ஆனா புரொஜெக்டர் லைற்றில கெதியா மங்கும், அதால போக்கஸ் பாக்கிறன் எண்டு என்லாஜருக்குள்ள கனநேரம் எரிய விடாதேங்கோ.

எந்தப் படத்தைப் போடுறது? சிபாக்குறோமின்ர பலமும் குறையும் கொன்றாஸ்ட்தான். நிறம் அள்ளித் தரும், கறுப்பு ஆழமா நிக்கும், ஆனா ஸ்லைட்டில ஏற்கெனவே வெயிலும் நிழலும் கடுமையா இருந்தால் வெயில் பக்கம் வெளுத்துப்போம், நிழல் பக்கம் ஒண்டும் தெரியாது. உங்கட தேவாலயப் படம் அப்பிடியான படம். பாசையூர்க் கரையில வள்ளங்கள் நிக்கிற படம், மப்பு நேரத்தில எடுத்தது எண்டு சொன்னியளெல்லோ, அதுதான் இந்தப் பேப்பருக்கெண்டே எடுத்த படம். மெல்லிய வெளிச்சம், வள்ளத்தில நல்ல நீலம், சிவப்பு, நிழல் குறைவு. முதல்ல அதைப் போடுங்கோ. துண்டுச் சோதினையில கறுப்பு கொஞ்சம் வெளிறி வந்தாலும் கவலைப்படாதேங்கோ, கறுப்பு அதிகம் இல்லாத கடல், வானம், மணல் படங்களுக்கு அந்தப் பேப்பர் இன்னும் உதவும்.

தேவாலயத்தைப் பிறகு போட வழி இருக்கு, மாஸ்க் எண்டு சொல்லுறது. ஸ்லைட்டோட ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிமை இருட்டில ஒட்ட வைச்சு, நடுவில மெல்லிய ஒளிபரப்புற தாள் ஒண்டு வைச்சு வெளிச்சம் காட்டி, கொன்றாஸ்ட் நல்லாக் குறைவா வரக் கழுவினால் மங்கலான ஒரு நெகற்றிவ் வரும். அதை ஸ்லைட்டுக்கு மேல சரியாப் பொருத்தி இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டால் வெயில் பட்ட சுவரில கொஞ்சம் வெளிச்சம் குறையும், நிழல் அப்பிடியே இருக்கும், முழுப் படமும் பேப்பருக்குள்ள அடங்கும். மங்கலா இருக்கிறதாலதான் விளிம்பு பொருந்தாமல் போனாலும் தெரியாது, படம் கூர்மையாவும் தெரியும். நான் வெளிநாட்டில லாப்பில நிண்ட காலத்தில நல்ல பிரிண்டர்மார் பெரிய பிரிண்ட் எண்டால் மாஸ்க் இல்லாமல் போடவே மாட்டினம்.

இனி போடுற முறை. பெட்டியின்ர லேபலில ஒவ்வொரு பிலிமுக்கும் தொடக்கப் பில்டர் கணக்கு அச்சடிச்சிருக்கும், அதில தொடங்குங்கோ, ஆனா பேப்பர் பழசு, அது அப்பிடியே சரிவரும் எண்டு நம்பாதேங்கோ. ஹெட்டில யூவி பில்டரும் சூடு தடுக்கிற கண்ணாடியும் இருக்கோ எண்டு பாருங்கோ. ஸ்லைட்டின்ர மருந்துப் பக்கம் (மினுக்கம் குறைஞ்ச பக்கம்) கீழ, பேப்பரைப் பாத்து. சோதினைத் துண்டில நேரத்தை மாத்தாமல் லென்ஸ் துளையை மாத்துங்கோ: எஃப் 16, 11, 8, 5.6 எண்டு நாலு கட்டம், நேரம் ஒண்டு. நேரத்தைக் கூட்டிக் குறைச்சால் இந்தப் பேப்பரில நிறமும் சேர்ந்து சரியும், பிறகு எது வெளிச்சத்தால வந்தது எது பில்டரால வந்தது எண்டு பிரிக்கேலாது. வெளிச்சம் கூடினால் படம் வெளுக்கும், நெகற்றிவ் போட்ட கை இதை மறந்து எதிர்ப்பக்கம் போகும். பில்டரும் அப்பிடித்தான்: எந்த நிறம் பிரிண்டில கூடியிருக்கோ அந்தப் பில்டரைக் குறையுங்கோ. மஞ்சள் கூடினால் மஞ்சளைக் குறை, சிவப்புக் கூடினால் மஞ்சளையும் மெஜெந்தாவையும் குறை, பச்சை கூடினால் மெஜெந்தாவைக் கூட்டு. பில்டர் எண்ணை 5, 5ஆ மாத்தினால் கண்ணுக்குத் தெரியாது, 10, 20 எண்டு துணிஞ்சு மாத்துங்கோ. நிழலில பச்சையும் வெளிச்சத்தில மெஜெந்தாவும் ஒரே படத்தில வந்தால் அது பேப்பரின்ர வயசு, அதுக்குப் பின்னால ஓடிப் பேப்பரை வீணாக்காதேங்கோ.

டிரமுக்குள்ள பேப்பரைப் போட்டு மூடினாப் பிறகு லைற் போடலாம். பி-30க்கு 24 டிகிரியில டெவலப்பர், பிளீச், பிக்சர் ஒவ்வொண்டும் 3 நிமிசம், பிறகு கழுவல். எங்கட கிணத்துத் தண்ணியே அதுக்கு மேல சூடு, அதால ஐஸ் போட்ட பேசினுக்குள்ள மருந்துப் போத்தல்களை இறக்கி வைச்சு, மூண்டையும் தண்ணியையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வாங்கோ. சூடு கூடினால் நேரம் குறையும், அந்த அட்டவணை செட்டோட வந்த தாளில இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் இடையில தண்ணி ஒருக்கா விட்டு உருட்டி ஊத்துங்கோ: டெவலப்பர் பிளீச்சுக்குள்ள போனால் அமிலம் பலம் குறையும், பிளீச் பிக்சருக்குள்ள போனால் கந்தகப் புகை கிளம்பித் தொண்டையைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைச்சுத்தான் இந்த வேலை, கண்ணாடி, றப்பர் கையுறை இல்லாமல் பிளீச்சைத் தொடவேண்டாம், தகர வாளி அலுமினியச் சட்டி ஒண்டும் பாவிக்கவேண்டாம்.

டிரமைத் திறந்து எடுக்கேக்க படம் சிவந்து நிக்கும், பயப்படாதேங்கோ, ஈரத்தில அப்பிடித்தான். காயவிட்டுத்தான் நிறம் பாக்கோணும். ஈரமா இருக்கேக்க விரல் நகம் பட்டாலே தோல் உரியும். கடைசிக் கழுவலுக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம், வலிகாமத்துச் சுண்ணாம்புத் தண்ணி எங்கட கேத்திலுக்குள்ள என்ன செய்யுதெண்டு தெரியும்தானே, அந்த வெள்ளைத் திட்டு மினுங்கிற பொலியெஸ்டர் முகத்தில காய்ஞ்சால் போகாது. மோட்டர் சாமான் கடையில பற்றரிக்கு விட விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணி (அசிட் இல்லை) எடுங்கோ, மாரி காலமெண்டால் வடிகட்டின மழைத்தண்ணி இன்னும் நல்லது.

பாவிச்ச மருந்தை வளவுக்குள்ள ஊத்தவே கூடாது. எங்களுக்குக் கீழ இருக்கிறது வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல்லு, மேல ஊத்தினது பக்கத்து வீட்டுக் கிணத்துக்குப் போக அதிக நாள் எடுக்காது, சுன்னாகத்துக் கிணறுகளில கழிவெண்ணெய் வந்த கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பிளீச்சைத் தனியாப் பிளாஸ்ரிக் வாளியில எடுத்து அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ, பொங்கும், பொங்கிறது நிண்ட பிறகுதான் அமிலம் போச்செண்டு அர்த்தம். பிக்சரில வெள்ளி இருக்கு, அதை வேற பிளாஸ்ரிக் போத்தலில மூடி வையுங்கோ.

பேப்பரோ பிளீச்சோ சரிவராமல் போனால் இன்னொரு வழி இருக்கு. இப்பவும் செய்யிற சாதாரண ஆர்ஏ-4 கலர் பேப்பரையே ஸ்லைட்டுக்குப் பாவிக்கலாம். இருட்டில வெளிச்சம் காட்டி, முதல்ல கறுப்பு வெள்ளை டெவலப்பர், ஸ்ரொப் (டெவலப்பரை நிப்பாட்டிற மருந்து), நல்லாக் கழுவல், பிறகு லைற்றைப் போட்டு முழுப் பேப்பருக்கும் வெளிச்சம் காட்டி, அதுக்குப் பிறகு ஆர்ஏ-4 கலர் டெவலப்பர், பிளீச் பிக்ஸ். அந்தப் பேப்பர் நெகற்றிவின்ர செம்மஞ்சள் அடிநிறத்துக்கெண்டு செய்தது, அதால வெளிச்சம் படாமல் கழுவின நெகற்றிவ் பிலிம் துண்டு ஒண்டை லைற் பாதையில வைச்சால் பில்டர் கணக்கு கையுக்குள்ள வரும். சிபாக்குறோமின்ர அந்த மினுக்கமும் ஆழமும் இதில வராது, கொன்றாஸ்ட் இதிலயும் கடுமைதான், ஆனா பேப்பர் திருப்பி வாங்கலாம், பழகிறதுக்கு இதைவிட நல்லது இல்லை. மருந்து சரியா இருந்தாலும் கூட, டிரம் உருட்டிற கை, இருட்டில பேப்பர் எடுக்கிற கை இரண்டையும் முதல்ல இதில பழக்கிப்போட்டு சிபாக்குறோம் பெட்டியை உடையுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

இரண்டு துண்டும் காய்ஞ்ச பிறகு ஒரு வெள்ளைத் தாளில வைச்சுப் பகல் வெளிச்சத்தில படம் எடுத்து அனுப்புங்கோ, லேபலில இருக்கிற பில்டர் கணக்கையும் சேர்த்து. பாத்திட்டு வள்ளப் படத்துக்கு எங்க தொடங்கிறதெண்டு சொல்லுறன்.